மாற்றி எழுதிய எண்

திருவட்டாறு பக்கம் சைக்கிள் கைப்பிடி செய்யும் ஆலையொன்றில் பிரீனா ஆய்வக வேலையில் இருந்தாள். அங்கே ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் சூட்டில் கலந்து அச்சுக்குள் செலுத்துவார்கள். இரண்டும் ஒன்றுபோல இளகி ஓடினால்தான் கலவை சேரும். ரப்பர் விறைப்பானது என்பதால் முதலில் அதை இரட்டை உருளையில் போட்டு அரைப்பார்கள். அரைத்ததில் ஒரு துண்டு பிரீனாவிடம் வரும். அவளது கருவி அதைச் சூடாக்கி, உள்ளே ஒரு தட்டைச் சுழற்றி, ரப்பர் அதை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்று ஓர் எண்ணாகக் காட்டும். அறுபதைத் தாண்டினால் கலக்கக் கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எழுபத்துநான்கு காட்டியது.

உருளை ஓட்டும் சத்தியநேசன் வாசலில் நின்றார். அவர் மனைவி நேசபாய்க்கு அன்று டயாலிசிஸ்.

"அண்ணே, இன்னும் பத்து நிமிஷம் ஓட்டணும். இது ஓடாது."

"பதினொண்ணரைக்கு அவ அங்க படுக்கணும் மக்கா. வேற ஆளிட்ட ஓட்டச் சொல்லிட்டுப் போனா மானேஜருக்குத் தெரிஞ்சு போவும். இனி ஒரு தடவ வேலைய பாதில விட்டுட்டுப் போனா என்னைய வெளிய அனுப்பிருவாரு."

கையில் பைக் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார். பிரீனா ஐம்பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கைப்பிடியில் கட்டி விழும், கழித்துப் போடுவார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

இரண்டு மணிக்கு, அச்சு இயந்திரத்தின் வாய்க்குழாயில் கலவாத ரப்பர் கட்டி ஒன்று அடைத்தது. இயந்திரத்தில் நின்றவள் பூங்கனி. அருமனையிலிருந்து பிரீனாவுடன் ஒரே பஸ்ஸில் வருபவள். பித்தளைக் கம்பியால் அவள் அடைப்பைக் குத்தியபோது, பின்னால் திரண்டிருந்த கொதிக்கும் கலவை சீறி வந்து இடது கையில் அப்பிக்கொண்டது. உதறினாலும் போகவில்லை. பிரீனா ஓடிவந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கலவை உறைந்ததே தவிர தோலை விடவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், கட்டிலருகே நின்றபடியே பிரீனா எல்லாவற்றையும் சொன்னாள். பூங்கனி குறுக்கிடாமல் கேட்டாள்.

"கட்டி விழும்ன்னு உனக்கு அறியுமா?"

"அறியும். இப்பிடி ஆகும்ன்னு..."

"ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாமே ஏட்டி. இருபதடி தூரம். நான் மெஷினை நிறுத்தியிருப்பேன். அண்ணனுக்க சங்கடம் எனக்கும் தெரியாதா?"

அந்த இருபதடி நடக்க பிரீனாவுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

"நீ போ. அம்மை வர்ற நேரமாச்சு."

மறுநாள் பிரீனா மேலாளரிடம் உண்மையை எழுதிக் கொடுத்தாள். இயந்திரத்தில் நின்றவளின் கவனக்குறைவு என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் அதோடு வாயை மூடினார்கள். சத்தியநேசனையும் அவளையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். வாசலில் அவர் அவளைப் பார்க்காமல் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

பூங்கனியின் மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஆலையில் அவளுக்கு எண்ணி அடுக்கும் வேலை கொடுத்தார்கள். பிரீனா மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடைக்குப் போகிறாள். இருவருக்கும் இன்னும் அதே பஸ்தான். பூங்கனி முன்வாசலில் ஏறினால் பிரீனா பின்வாசலில் ஏறிக்கொள்கிறாள்.