வீரம்மாவின் கால்

ஜெனரேட்டர் இரைச்சலில் ஒரு சொல்லும் காதில் விழாது. பேச்சைக் கேட்காமல், ஆட்களின் உடலை மட்டும் பார்த்து அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதவேண்டும். அதற்காகவேதான் தேனுகா தன் மாணவர்களைத் தெருவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தாள். எதிரே, விசுவமடுவில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பொதுநோக்கு மண்டபம். இன்னும் அரை மணி நேரத்தில் அதன் மேல்தளத்துக்குக் கொங்கிறீற் போடப்போகிறார்கள்.

கிளிநொச்சியில், கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவள் தொடர்பாடல் படிப்பித்தாள். போன கிழமை உடல்மொழிப் பாடத்துக்குப் படங்கள் காட்டியபோது நிரோஜன் எழும்பிக் கேட்டான்.

"மிஸ், படத்தில நிக்கிற எல்லாரும் கோட் போட்டிருக்கினம். இஞ்ச ஆர் மிஸ் கோட் போட்டுக்கொண்டு சீமெந்து குழைக்கினம்?"

வகுப்பே சிரித்தது. தேனுகாவும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் அவளோடு வந்தது. அடுத்த நாளே, இந்த மண்டபத்தைக் கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர் ஜெயந்தனுக்குப் போன் எடுத்தாள். ஆறு வருடங்களுக்கு முன் அவளிடம் படித்தவன்.

இப்போது அவன் வேலையாட்களைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். நிமிர்ந்த முதுகு, பின்னால் கட்டிய கைகள், ஒவ்வொரு முகமாகப் போய்வரும் பார்வை. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தவை. அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. கடைசியில் அவன் ஏதோ கேட்க, பதினைந்து பேரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

"என்ன எழுதினீங்கள்?" என்றாள் தேனுகா.

"எல்லாருக்கும் சம்மதம்" என்றான் நிரோஜன். மற்றவர்களும் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருந்தார்கள். பிரேமிளா மட்டும் கொப்பியை மூடாமல் யோசித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், அந்தப் பச்சைச் சட்டை போட்ட அக்கா தலையாட்டேக்க, கால் பெருவிரலால நிலத்தை நோண்டிக்கொண்டு நிண்டவா."

"அது கூச்சம், பிரேமிளா. நாங்கள் படிச்சனாங்கள்தானே."

"கூச்சமெண்டா ஏன் மிஸ் ஒரே இடத்தை நோண்டுறா? தள்ளி நிண்டவா, திரும்பவும் அந்த இடத்துக்கே வந்து நோண்டினவா."

அந்தக் கேள்வி தேனுகாவுக்குப் பிடித்திருந்தது. "வா, போய்க் கேப்பம்" என்று தெருவைக் கடந்தாள்.

பச்சைச் சட்டைக்காரியின் பெயர் வீரம்மா. மண்ணும் கல்லும் சுமப்பவள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். பிரேமிளா விசயத்தைச் சொன்னதும் அவள் திகைத்துப்போய்த் தன் காலையே பார்த்தாள்.

"அதையா பார்த்தீங்க? அந்த இடம் நேத்தைக்கு இறுக்கமா இருந்திச்சிங்க. இன்னைக்குக் கூடையோட போறப்ப கால் உள்ள போகுது. அதான் அமுக்கிப் பார்த்தேன்."

அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான், மேல்தளத்துப் பலகைகளைத் தாங்கும் இரும்பு முட்டுகளில் ஒன்று நின்றது. தேனுகா ஜெயந்தனைக் கூப்பிட்டாள். கேட்டதும் அவன் முகம் சிவந்தது.

"நான் கேக்கேக்க நீங்களும் தலையாட்டினீங்கள்தானே அக்கா?"

"எல்லாருக்கும் விளங்கிச்சோன்னு கேட்டீங்க சேர். எனக்கு விளங்கிச்சு. அதான் ஆட்டினேன்." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "மண்ணைப் பத்தி யாரும் கேக்கலைங்களே."

ஜெயந்தன் முழங்காலிட்டு, ஒரு கம்பியை எடுத்து முட்டின் அடியில் குத்தினான். கம்பி வழுக்கிக்கொண்டு முழங்கை அளவுக்கு இறங்கியது. தண்ணீர்த் தாங்கிக் குழாயில் எங்கேயோ ஒரு வெடிப்பு. இரவு முழுக்க நீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. மேலே ஈரக் கொங்கிறீற்றின் பாரம் ஏறியிருந்தால் முட்டு புதைந்து தளமே சரிந்திருக்கும்.

"மெசினை நிப்பாட்டுங்கோ" என்று கத்தினான் ஜெயந்தன். பிறகு வீரம்மாவிடம் திரும்பினான். பின்னால் கட்டும் கைகள் இப்போது சேறாகி முன்னால் தொங்கின. "வேற எங்கயும் உங்கட காலுக்கு வித்தியாசமாப் பட்டதோ அக்கா?"

வீரம்மா வெறுங்காலோடு ஒவ்வொரு முட்டாக நடந்தாள். ஜெயந்தன் கம்பியோடு பின்னால் போனான். இன்னும் இரண்டு இடங்களில் அவள் நின்றாள். இரண்டிலும் கம்பி இறங்கியது. தேனுகாவுக்கு ஆசை அடங்கவில்லை. தானும் சப்பாத்தைக் கழற்றி, அவள் மிதித்த இடத்தில் மிதித்துப் பார்த்தாள். ஈரம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றாள்.

"நாலு நாள் சுமந்தா வெளங்கிரும் மிஸ்" என்று வீரம்மா சிரித்தாள்.

குழாயை அடைத்து, மண்ணை வெட்டி எடுத்து, கல் இறுக்கி, முட்டுகளை மீண்டும் நிறுத்தினார்கள். கொங்கிறீற் மூன்றாம் நாள்தான் போடப்பட்டது. தளம் அசையாமல் நின்றது.

முட்டுகளைச் சோதித்த அன்று, திரும்பும் பஸ்ஸில், ஜெயந்தன் முதலில் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். "ஏதும் பிரச்சினை இருக்கோ எண்டு கேட்டிருக்கலாம்" என்றான் நிரோஜன். "அதுக்கும் எல்லாரும் இல்லையெண்டு தலையாட்டியிருப்பினம்" என்றாள் பிரேமிளா. "நேற்றையில இருந்து என்ன மாறியிருக்கு எண்டு கேக்கவேணும்." "பதினைஞ்சு பேருக்கு முன்னால ஆர் வாய் திறப்பினம்? தனித்தனியாக் கேக்கவேணும்" என்றது பின் இருக்கையிலிருந்து இன்னொரு குரல்.

வழக்கமாக இப்படியான இடத்தில் தேனுகா சரியான விடையைச் சொல்லிவிடுவாள். அன்று பிரேமிளாவின் கொப்பியை வாங்கி, அவர்கள் சொன்ன கேள்விகளையெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு வந்தாள். பரந்தன் சந்தி தாண்டியும் சண்டை ஓயவில்லை.