நாற்பத்தேழு தடவை அருவிக்குப் போன பொன்னுலிங்கம் பிள்ளை

குறத்தியருவிக்குக் காவலாக இருந்த ஃபாரஸ்ட் கார்டு ரசலையனுக்கு, கொல்லம் ஆயிரத்து நூற்றேழாம் ஆண்டு ஆடி பிறந்த அன்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செலவைச் சுருக்க வேண்டியிருக்கிறது. ஆள் வராத அருவிகளுக்குக் காவல் வேண்டாம் என்று தீர்மானம். குறத்தியருவிக்கு ஆள் வருவது உண்மையானால் வருகைப் புத்தகத்தில் காட்டவும். இருபதாம் தேதி ஆபீசர் நேரில் வருவார்.

ஆள் வராத அருவியா! சாரல் விழுந்துவிட்டால் மேலமடையூர் முழுவதும் அங்கேதான் கிடக்கும். திரும்பும்போது எண்ணெய்ப் பிசுக்கு, சீயக்காய்ச் சக்கை, பலா மடல், எச்சில் இலை எல்லாவற்றையும் காட்டுக்கே விட்டுக்கொடுத்துப் போகும். அவியலும் எரிசேரியும் தின்று தொந்தி வைத்த குரங்குகள், மரமேறுவதை ஏறக்குறைய விட்டுவிட்டு, வழியோரம் பந்திக்குக் காத்திருப்பவை போல உட்கார்ந்திருந்தன. ஆனால் வந்தவர்கள் பேரை எழுதச் சொல்லி எட்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை, ரசலையனும் எழுதவில்லை. புத்தகம் பெட்டிக்குள் புதுமணம் மாறாமல் இருந்தது.

கார்டு வேலைக்கு அடையாளமான, பித்தளை வில்லை வைத்த பெல்ட்டைப் பார்த்துத்தான் மாமனார் மகள் ராகேலைக் கொடுத்திருந்தார். பெல்ட் போனபின் மாமனார் என்ன சொல்வார் என்று யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மறுநாளே பாதையை மறித்து முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். கூட்டத்துக்கு ஒரு தலைவர் பேர் போதும் என்பது புத்தகத்தின் விதி.

அவனுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மேலமடையூரில் போன தடவை சர்க்கார் ஆள் வந்து பேர் கேட்டுப் போனபின் அம்மை குத்த வந்தார்கள். அதற்கு முந்தின தடவை கேட்டுப் போனபின் வரி ஏறிற்று.

முதலில் உலகம்மாளும் ஏழெட்டுப் பெண்களும் வந்தார்கள்.

“பேரு என்னத்துக்கு மக்கா?”

“சும்மா எழுதி வைக்கத்தான், அக்கா.”

“சும்மா எழுதி வைக்க சர்க்காருக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” உலகம்மாள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். “சரி, எழுது. பொன்னுலிங்கம் பிள்ளை.”

“அவரு எங்க?”

“பின்னால வாறாரு. நீ எழுது.”

அடுத்த கூட்டத்துக்கும் தலைவர் பொன்னுலிங்கம் பிள்ளை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் அவரே. தக்கலைக்காரனான, ஊருக்குள் அதிகம் போகாத ரசலையன், இந்த ஊரில் பேருக்கு இவ்வளவு பஞ்சமா என்று வியந்தபடியே எழுதினான்.

சனிக்கிழமை தங்கபாய் டீச்சர் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சபைக்காரி, பொய் சொல்லமாட்டாள் என்று ரசலையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குறுஞ்ஜெபத்தின் நேரம் யோசித்தாள்.

“நம்ம கல்லறைத் தோட்டத்துப் பாதையை வேலிவச்சு அடச்சிருக்காருல்லா, அவரு பேரு பொன்னுலிங்கம் பிள்ளை.”

ரசலையன் எழுதிக்கொண்டான். பொய் சாட்சி சொல்லாத நிம்மதியில் டீச்சர் பாடிக்கொண்டே மேலேறினாள்.

பத்தொன்பதாம் தேதி மாலை ராகேல் புத்தகத்தைப் புரட்டினாள்.

“இஞ்ச பாருங்க, இது வருகைப் புத்தகமா, பிராதா?”

“ஏன்?”

“நாப்பத்தேழு எடத்துல ஒரே பேரு. ஊர்ல அந்த மனுசன்கூட வழக்கில்லாத வீடு உண்டா? மடை வழக்கு, வரப்பு வழக்கு, கல்லறை வழக்கு. சர்க்காரு யாரையாம் புடிச்சா அவரையே புடிக்கட்டும்னு எல்லாரும் அவரு பேரைக் குடுத்திருக்காவ. வாதம் வந்து பத்து வருசமா நாற்காலிய விட்டு எழும்பாத மனுசன்!”

ரசலையன் பெல்ட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் கொட்டும் மழை. அருவிக்கு ஈ காக்கை வரவில்லை. ஆபீசர் மட்டும் வந்தார். குடையைப் பிடித்தபடி புத்தகத்தை முழுவதும் படித்தார்.

“ஒரே ஆள் நாற்பத்தேழு தடவையா?”

“புத்தகம் அப்படித்தான் சொல்லுது, ஐயா.”

“ஒன்பதாம் தேதி மட்டும் ஆறு தடவை ஏறியிருக்கிறான். இறங்கும்போது கையில் என்ன இருந்தது?”

வேலைதான் போகப்போகிறது, உண்மையாவது மிஞ்சட்டும் என்று ரசலையன் முடிவு செய்தான்.

“நான் அவரைக் கண்ணால கண்டதே இல்ல, ஐயா.”

ஆபீசரின் கண்கள் கண்ணாடிக்கு வெளியே வந்தன. “காவலாளி இருக்கும்போதே, கண்ணில் படாமல், நாற்பத்தேழு தடவை! கடத்தியது சந்தன மரமா? ஈட்டி மரமா?”

“தெரியாது, ஐயா.”

அதுவும் உண்மைதான். அங்கேயே உத்தரவு எழுதப்பட்டது: குறத்தியருவிக் காவலை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது, கார்டு ரசலையன் மேற்படி பொன்னுலிங்கம் பிள்ளையின் வீட்டு வாசலில் இருந்து அன்னாரின் நடமாட்டத்தைக் கண்காணிக்கவும்.

நடக்க முடியாதவரின் நடமாட்டத்தைக் கண்காணிப்பது சுகமான வேலை. மூன்றாம் நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஓய் கார்டு! மூணு நாளா எனக்க வாசல்ல இருந்து முட்டையா அடைகாக்குதேரு?”

ரசலையன் எல்லாவற்றையும் சொல்லிப் புத்தகத்தையும் காட்டினான். வசவுக்குத் தயாராகத் தலையையும் குனிந்துகொண்டான். பிள்ளை கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது.

“நாப்பத்தேழு தடவை போக்குவரத்து, சர்க்காரு கையெழுத்தில! ஓய், இதுக்குப் பேருதான் அனுபவ பாத்தியம், அனுபவிச்சு வாறவனுக்கே உரிமை. அந்தப் பாதையும் அருவியும் எனக்கு உள்ளதுன்னு நாளைக்கே நாகர்கோயில்ல பிராது குடுக்கப் போறேன். நீருதான் ஒண்ணாம் சாட்சி.”

“பிள்ளைவாள், நீங்க அங்க போனதே இல்லியே?”

“அதை நீரு எப்படிவே சொல்ல முடியும்? நீருதான் என்னைக் கண்டதே இல்லியே!”

புத்தகத்தில் பேர் உள்ளவருக்கே அருவி சொந்தமாம் என்ற சேதி பொழுது சாய்வதற்குள் ஊர் சுற்றிற்று. மறுநாள் காலையில் ஊரே திரண்டுவந்து ரசலையனைக் கையைப் பிடித்து, முக்காலியோடு அருவிக்கு இழுத்துப் போயிற்று. வரிசை மலையடிவாரம் வரை நீண்டது. முன்னால் உலகம்மாள்.

“ஏட்டி அழகம்மை, தள்ளாதட்டி! நான்தான் முதல்ல. மக்கா, உலகம்மாள்னு எழுது. மேலத்தெருன்னும் போடு. மை நல்லாப் பதியட்டும்.”

“அன்னைக்கு வேற பேரு சொன்னிய, அக்கா?”

“பின்னால வாறாருன்னுதானே சொன்னேன். அவரு வரல்ல. அதுக்கு நானா பொறுப்பு?”

அவளுக்குப் பின்னால் தங்கபாய் டீச்சர் முப்பத்திரண்டு பிள்ளைகளோடு நின்றாள். கூட்டத்துக்கு ஒரு பேர் போதும் என்ற விதி அவளுக்குச் சம்மதமில்லை. பிள்ளைகளின் பேரோடு அப்பன் பேரையும் சேர்த்துச் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் புத்தகம் தீர்ந்தது. புதுப் புத்தகம் இரண்டு வேண்டும், கூட்டம் தாங்கவில்லை, இன்னொரு கார்டும் வேண்டும் என்று ரசலையன் மேலிடத்துக்கு எழுதினான். பெயர் எழுதவைக்கும் அவசரத்தில் குளிக்க யாருக்கும் நேரமில்லை. வரிசையில் இடம் போய்விடும் என்ற பயம் வேறு. அன்று குறத்தியருவியில் குளித்தவை குரங்குகள் மட்டுமே.