மார்கழியில் மொட்டையான திராட்சைக்கொடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகாத மருமகள், மார்கழி மாதத்தில், கத்தரியும் கையுமாகப் பச்சைக் கொடியை வெட்டிக்கொண்டிருந்தால் எந்த மாமியார் சும்மா இருப்பாள்?

பிரீதாவுக்குப் பிறந்த ஊர் காடாம்புலியூர். சுற்றிலும் முந்திரியும் பலாவும் இருக்க, இவள் மட்டும் ஒரு குச்சியை நட்டு, நாலு வருடமாகத் தொட்டியில் திராட்சை வளர்த்திருக்கிறாள். சீர்வரிசை வேனில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அந்தத் தொட்டியும் சிதம்பரம் வந்து இறங்கியது. அதை மொட்டை மாடிக்கு ஏற்றுவதற்குள் என் மகன் சபேசனுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஆருத்ரா தரிசனம் முடிந்த மறுநாள் மாடிக்குப் போனால், கொடியில் இலை ஒன்றுகூட இல்லை. கிளைகளையும் ஒட்ட வெட்டியிருந்தாள். கத்தரியோடு நின்றவளைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி பண்ற? வாழ வந்த வீட்டுல பச்சக் கொடிய வெட்டுவாங்களா?"

"வெட்டுனாதான் அத்த புதுக் கொழுந்து வரும். அதுலதான் பூ வைக்கும். குளிர் ஊர்ல அதுவா இலைய உதுத்துட்டுத் தூங்கும். இங்க நாமதான் உதுத்துவிடணும்."

"ஏன், இங்க மட்டும் குளிர் இல்லியா?"

"மாமா குல்லா போட்டுக்கினு சுத்தறத கொடி நம்பாது அத்த."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். மழை விட்டாயிற்று, இனி நாலு நாளைக்கு ஒரு சொம்பு தண்ணீர் போதும், ஜாஸ்தி ஊற்றினால் வேர் அழுகிவிடும் என்றாள். அதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

அவள் காலையில் பஸ் பிடித்துக் கடலூர் ஆபீசுக்குப் போனால், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். பகலெல்லாம் அந்த மொட்டைக் குச்சியைப் பார்த்துக்கொண்டு கிடப்பது நான்தானே. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. பட்டினி போட்டு எந்த உயிரை வளர்க்க முடியும்? அரிசி களைந்த தண்ணீரை ஒரு குண்டான் கொண்டுபோய் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டார். "இன்னா சாரதா, தெனமும் தர்ப்பணமா? எள்ளு எடுத்தாரட்டா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று விரட்டினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பத்து நாள் ஆகியும் ஒரு துளிர் இல்லை. மண் புளித்த நாற்றம் அடித்தது. அழுகித்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் சம்பந்தி கண்ணாயிரம், சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு தலைப்பொங்கல் சீரோடு வருகிறார். பெண் வளர்த்த கொடி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவரைக்கூடச் சமாளித்துவிடலாம். பீரோவும் கட்டிலும் ஊருக்காகக் கொடுத்தது. பிரீதா தனக்கென்று ஆசையாகக் கொண்டுவந்தது அது ஒன்றுதான். அதை என் கையாலேயே கொன்றுவிட்டேனே!

அன்று அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். "பிரீதா, நான் தப்பு பண்ணிட்டேன்டி. கேக்காம தெனமும் தண்ணி ஊத்திட்டேன். உன் கொடி செத்துப்போச்சு." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள். போன் லைட்டைப் போட்டுத் தொட்டிக்கு அடியில் காட்டினாள். மூன்று செங்கல் வைத்துத் தொட்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தது. அடியில் புதிதாக நாலைந்து ஓட்டைகள். என் முட்டி வலிக்கு நான் எங்கே குனிந்து பார்த்தேன்!

"மூணாம் நாளே தெரியும் அத்த. மாடி பூரா கழனித்தண்ணி வாட. அதான் உங்க புள்ளைய விட்டு ஓட்ட போடச் சொன்னேன். நீங்க ஊத்தறது ஊத்த ஊத்த ஓடிடும்."

பிறகு லைட்டைக் கிளைக்குத் திருப்பினாள். கணுவில் கடுகு அளவுக்கு ஒரு மொட்டு, இளஞ்சிவப்பாகப் புடைத்திருந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அடிப்பாவி! ஊத்தாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்டி பயந்து சாவ மாட்டேன்ல?"

"எங்கம்மா நாலு வருஷத்துல இதுக்கு ஒரு சொட்டு தண்ணி ஊத்துனதில்ல அத்த. எப்பப் பாரு, இந்தக் குப்பைய தூக்கிப் போடும்பாங்க. நீங்க தெனமும் மாடியேறி வந்து ஊத்துறீங்க. உங்கள எப்டி ஊத்தாதீங்கன்னு சொல்றது?"

"பெத்தவள வுட்டுக்குடுத்தா பேசற? நாளைக்கு சம்பந்தியம்மா வரட்டும், சொல்றேன்" என்று அதட்டினேன். அதட்டிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.