நாற்பத்தொன்றும் ஒரு சைபரும்

1

மடு மாதா அறிய, கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுபத்தொரு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பொய்யால் ஆகவேண்டியதெல்லாம் எனக்கு முன்பே ஆகிவிட்டது.

இந்தக் கதை பிறந்தது எங்கள் கட்டடத்து லிஃப்றில். டோர்செட் பார்க்கில் எங்கள் லிஃப்ற் உச்சி மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் ஒருவர் பிறந்து, படித்து, கலியாணம் கட்டி, அதை வெறுத்தும் விடலாம். மூன்றாம் மாடியில் ஏறிய இராஜரட்ணம் பதினான்காம் மாடிக்குள் என்னைப் பிடித்துவிட்டார். அவர் எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர். கக்கத்தில் எப்போதும் ஒரு ஃபைல் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

“அண்ணை, சனிக்கிழமை ஆண்டுவிழா. மலருக்கு ஒரு பக்கம் வேணும். யூட்சனைக் கௌரவிக்கிறம்.”

யூட்சன் யார் என்று சொல்லிவிடுகிறேன். வயது இருபத்தெட்டு. சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடுகிறவன். எங்கள் சங்கத்தில் அப்படி வேறு ஒருவன் இல்லை. அணியின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. ரிவியில் காட்டுகிற அந்தப் பெரிய லீக் இல்லை இது. அதற்குக் கீழே, அதற்கும் கொஞ்சம் கீழே. அங்கேயும் அவன் ரிசேர்வ். அதாவது ஆடுகிறவர்கள் ஆட, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன். எங்கள் பள்ளிக்கூடத்தை அவன் படத்தில்தான் கண்டிருக்கிறான். அங்கே படித்தது அவனுடைய தகப்பன் அன்புராசா. அந்த மனிசனும் ஒன்பதாம் வகுப்பு மிகவும் பிடித்துப்போய் அதை இரண்டு தரம் படித்தவர்.

“சீசன் சீசனாய்ச் சாதனை வரவேணும் அண்ணை. எத்தினை ஆட்டம், எத்தினை புள்ளி. உங்களை விட்டால் வேறை ஆர் எழுதுறது?”

அது சரி. ஊரைவிட்டு வந்து ஸ்காபரோவில் செத்த எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு நினைவு மலர் எழுதியவன் நான். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சாப்பாட்டோடு சேர்த்துக் கையில் தருவார்களே, எங்கள் சனம் கல்வெட்டு என்று சொல்லும், அந்தப் புத்தகம். இருநூற்றுப் பன்னிரண்டு எழுதிவிட்டேன். அத்தனையிலும் கெட்டவன் ஒருவனையாவது நான் சந்தித்ததில்லை. உயிரோடு இருக்கிற ஆளைப் பற்றி மட்டும் எழுதியது கிடையாது. உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு குறை உண்டு: வாசித்துப் பார்ப்பார்கள்.

(மலருக்கு ஒரு விதி இருக்கிறது. எழுதியவரின் முழுப்பெயர் கடைசி வரியில் வரவேண்டும். போன வருடம் ஒருவர் பெயர் போடாமல் தலைவருடைய பாட்டைப் பற்றி எழுதியதால் வந்த விதி. தலைவர் அதன்பிறகு பாடவில்லை. இலக்கியத்தால் எங்கள் சமூகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான்.)

2

முதல் வரி வரவில்லை. வந்து செத்தவற்றை எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

“யூட்சன் கையில் பந்தோடு பிறந்தான்.” பொய். மஞ்சட்காமாலையோடு பிறந்தான். தாய் வேரோனிக்காவைக் கேளுங்கள்.

“பெஞ்சிலிருந்து பாய்ந்த ஆறடி நான்கு அங்குலச் சிங்கம்.” சிங்கம் ஒரு நாளில் பெரும்பகுதி படுத்திருக்குமாம், அந்த வகையில் பொருத்தம்தான். ஆனால் சிங்கம் என்று எழுதினால் எங்கள் மண்டபத்தில் பாதிப்பேர் எழும்பிப் போவார்கள். வேறொரு மிருகத்தை எழுதினால் மிச்சப் பாதி எழும்பி நின்று கைதட்டும். விலங்குகளைத் தவிர்க்கிறேன்.

“விளையாட்டுலகின் விடிவெள்ளியாய், அன்னார் தம் இளமையிலேயே” — நிறுத்தினேன். பழக்கதோசத்தில் கை அன்னார் என்று போட்டுவிட்டது.

கடைசியில் கொம்பியூட்டரில் கிடந்த என் பழைய படிவத்தைத் திறந்தேன். பெயர், ஊர், பெற்றோர், பண்பு என்று வெற்றிடம் விட்டு வைத்திருக்கிற படிவம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அதற்குள்தான் அடங்கினார்கள். யூட்சனையும் அதற்குள் அடக்கினேன். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னுக்கு இதனால் ஒரு கரைச்சல் வரப்போகிறது. கெட்டிக்கார எழுத்தாளன் இதை ஒளிப்பான். எனக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

3

முதல் சீசன்: மூன்று ஆட்டம், ஏழு நிமிடம், புள்ளி இல்லை. ஒரு ஃபவுல். அந்த ஃபவுலும் வேறொருவன் செய்தது, பிழையாக இவன் பெயரில் விழுந்துவிட்டது என்று பிறகு திருத்தினார்கள். ஆக, அதுவும் இல்லை.

இரண்டாவது: ஒன்பது ஆட்டம், முப்பத்தொரு நிமிடம், எட்டுப் புள்ளி. இந்த வருடம்தான் துவாய் சுற்றப் பழகினான். தங்கள் ஆள் பந்தைக் கூடைக்குள் போட்டதும் பெஞ்சில் இருப்பவர்கள் வேர்வை துடைக்கிற துவாயைத் தலைக்கு மேல் சுற்றவேண்டும். அது வேலையில் ஒரு பங்கு. யூட்சன் சுற்றிய சுற்றில் அந்தக் கோடை முழுவதும் அரங்கத்தில் ஏசி போடத் தேவைப்படவில்லை. மூன்றாம் வரிசைச் சனம் சுவெற்றரோடு வந்தது. ஆணையிட்டுத்தானே தொடங்கினேன், நம்புங்கள்.

மூன்றாவது: ஆட்டம் இல்லை, நிமிடம் இல்லை, புள்ளி இல்லை. காயம். வேறொருவன் போட்ட புள்ளிக்குச் சந்தோசம் தாங்காமல் பெஞ்சிலிருந்து துள்ளியதில் கணுக்கால் பிரண்டுவிட்டது. விளையாட்டில் காயப்பட்டவர்கள் பலர். கைதட்டிக் காயப்பட்டவனை எங்கள் சங்கம்தான் கௌரவிக்கிறது.

நான்காவது: பதினான்கு ஆட்டம், அறுபத்தாறு நிமிடம், பத்தொன்பது புள்ளி. இது பொற்காலம். பொற்காலம் ஒரு மணி ஆறு நிமிடம் நீடித்தது.

ஐந்தாவது: அந்த அணி விட்டுவிட, வேறு ஊர் அணி எடுத்தது. பதினொரு ஆட்டம், நாற்பது நிமிடம், பன்னிரண்டு புள்ளி. அந்த ஊர்ப் பெஞ்ச் கொஞ்சம் மெத்தென்று இருந்ததாம்.

ஆறாவது: ஐந்து ஆட்டம், ஒன்பது நிமிடம், இரண்டு புள்ளி. இந்த இரண்டு விழுந்தது கடைசி ஆட்டத்தில். அணி முப்பத்தெட்டுப் புள்ளியால் தோற்றுக்கொண்டிருக்கிறது, நாற்பது விநாடிதான் மிச்சம், சனம் பாதி கார்ப் பார்க்குக்குப் போய்விட்டது. இனிக் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று இவனை இறக்கினார்கள். இடப்பக்க மூலையில் பந்து கைக்கு வந்தது. எறிந்தான், விழுந்தது. அரை அடி பின்னால் நின்றிருந்தால் மூன்று புள்ளி. கோட்டை மிதித்ததால் இரண்டு. அரங்கத்தில் ஒரே ஒரு மனிசன் எழும்பி நின்று கத்தினார். அவர் மடியிலிருந்த மூன்று மட்டன் ரோல்ஸும் படிக்கட்டால் உருண்டு போயின. பக்கத்தில் இருந்தவர்கள் பந்தைப் பார்க்கவில்லை, ரோல்ஸைத்தான் பார்த்தார்கள்.

(வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். ஜாக்கெற்றின் உள்பையில் வைத்தால் விடுவார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டாம்.)

மொத்தம்: நாற்பத்திரண்டு ஆட்டம், நூற்றைம்பத்து மூன்று நிமிடம், நாற்பத்தொரு புள்ளி. ஆறு வருடம். நூற்றைம்பத்து மூன்று நிமிடம் எங்கள் கலியாண மண்டபங்களில் மாப்பிள்ளை வரும்வரை சனம் பார்த்திருக்கிற நேரம்.

4

இனி அன்புராசா. இந்தப் பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தரம் வெட்டிப் பார்த்தேன், வெட்டினால் கதை நிற்கமாட்டேன் என்கிறது.

ஆறு வருடமாக அந்த மனிசன் பொய் அளக்காத மண்டபம் இல்லை. சாமத்திய வீடு, பிறந்தநாள், செத்த வீடு, எங்கே என்றாலும் சாப்பாட்டுத் தட்டோடு ஒருவரைச் சுவரோடு ஒதுக்கிப் பிடிப்பார். “மகன் நேற்று இருபத்திரண்டு அடிச்சவன்.” இராஜரட்ணத்தின் மகன் மிதுனன் பல்வைத்தியன், ஸ்ரௌவ்வில்லில் மூன்று கார் விடுகிற வீடு. அதற்கு எதிரே கொண்டுபோய் நிறுத்த அன்புராசாவிடம் இருந்தது பெஞ்சில் ஒரு பிள்ளை. பேச்சிலிருந்து பெஞ்சை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். கோழைகள் பொய் சொல்வதில் ஒரு சிக்கனம் இருக்கும்.

புதன்கிழமை பின்னேரம் என் மேசைக்கு வந்தார். நரைத்த தலை, என்னுடையதைப் போலவே ஒரு சாம்பல் நிறச் சுவெற்றர்.

“ஐசே, நாப்பத்தொண்டெண்டே போட்டிருக்கிறீர்?”

“அதுதானே கணக்கு.”

“உம்மட்டைக் கணக்கு ஆர் கேட்டது? பின்னாலை ஒரு சைபரைப் போடும். நானூற்றிப் பத்து. சைபர் எண்டால் ஒண்டுமில்லாத சாமான். அதைப் போடவும் உமக்குப் பஞ்சியோ?”

“உண்மையை எல்லோ எழுதவேணும்.”

“உண்மையோ! கபிரியேல் செத்தநேரம் ‘மனைவியின் கண்ணில் நீர் காணப் பொறுக்காதவர்’ எண்டு எழுதினது ஆர்? அந்த மனிசி பெட்டியடியிலை நிண்டு சிரிச்சதைக் கண்டனீரெல்லோ?”

“அவர் செத்தவர்.”

“செத்தவனுக்கு நாலு பக்கம் பொய். உயிரோடை இருக்கிற என்ரை பிள்ளைக்கு ஒரு சைபர் இல்லை. நல்ல ஞாயம்.”

கொம்பியூட்டரில் அந்த நாற்பத்தொன்றைத் திரும்பத் திறந்தேன்.

அன்புராசா இருக்கிற இடத்துக்கு வேரோனிக்காவும் வருவா. தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தா. ஒரு கோப்பைதான். “பிள்ளையை ஒருக்கால் கேட்டனீங்களோ?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, அவவுடைய முகத்தில் அப்போது —

அந்த வசனத்தை முடிக்கப்போவதில்லை. இது வேரோனிக்காவின் கதை இல்லை. இருந்திருந்தால் இதைவிட நல்லாக இருந்திருக்கும்.

5

(இந்தப் பகுதி ரிசேர்வ். பெஞ்சில் இருக்கட்டும். தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்.)

6

சைபரைப் போட்டேன். பக்கத்தை யூட்சனுக்கு அனுப்பினேன். வியாழன் மத்தியானம் மோர்னிங்சைட்டிலிருந்து பஸ் எடுத்து நேரே வந்துவிட்டான். நிலைக்குத் தலை குனிந்து உள்ளே வருகிற ஒரே ஆள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், ஆனால் கடைசி எழுத்துவரை விடமாட்டான்.

“அங்கிள்,” என்றான். (உண்மையில் வேறு முறை சொல்லித்தான் கூப்பிட்டான். அது கதைக்கு உதவாது என்று மாற்றியிருக்கிறேன்.) “மறைவு எண்டால் டெத் தானே?”

அவன் கையிலிருந்த பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். படத்துக்குக் கீழே, எல்லோருக்கும் போடுவதைப் போலவே: தோற்றம், அவன் பிறந்த தேதி. மறைவு, கடைசி ஆட்டம் நடந்த தேதி. படிவத்தில் வெற்றிடம் இருந்தது, ஒரு தேதி கேட்டது, கையிலிருந்த கடைசித் தேதியைக் கொடுத்திருக்கிறேன். அடியில் அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தனை வேறு.

அவன் கோபிக்கவில்லை, சிரித்தான்.

“உது சரிதான் அங்கிள். தே ஆர் நொட் ரினியூயிங் மீ. திங்கட்கிழமை கோல் பண்ணிச் சொன்னவங்கள். வேறை ரீமும் கேக்கேல்லை. சோ, டேற் கரெக்ட். நம்பர்தான் பிழை.”

“சனம் சந்தோசப்படும் தம்பி. ஒரு சைபர்தானே.”

“நானூற்றிப் பத்திலை நாப்பத்தொண்டு என்ரை. மிச்சம் முன்னூற்றி அறுபத்தொன்பதும் ஆரோ ஒருத்தன் அடிச்சிருக்கிறான். அவனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துங்கோ. நான் வரமாட்டன்.”

“நாப்பத்தொண்டு எண்டு போட்டால் அன்புராசா இனி ஒரு மண்டபத்திலையும் தலை காட்டேலாது.”

அவன் அந்த எண்ணில் விரலை வைத்தான்.

“எனக்கு ஒவ்வொண்டும் ஞாபகம். எந்த மூலை, ஆர் பாஸ் பண்ணினது, எல்லாம். ஐ ஏர்ண்ட் தோஸ். நீங்கள் சைபர் போட்டால் என்ன அர்த்தம்? நாப்பத்தொண்டும் காணாது, வெக்கம் எண்டுதானே? அவருக்கு வெக்கமெண்டால் ஏன் எழும்பி நிண்டு கத்தினவர்? ரோல்ஸ் விழுந்ததைக் கண்டனான்.”

(பெஞ்சில் ஆறு வருடம் இருந்தவன் இவ்வளவு தெளிவாகக் கதைப்பானா என்று சில வாசகர்கள் சந்தேகப்படலாம். நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் யோசிக்க அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது.)

போகும்போது குனிய மறந்து நிலையில் தலையை இடித்துக்கொண்டான்.

7

இன்று வெள்ளி. இராஜரட்ணத்துக்கு ஆறு மணிக்குள் பக்கம் போகவேண்டும். இப்போது நாலரை. ஒரு முடிவு எழுதினேன்.

நானூற்றுப் பத்து அச்சாகிறது. மண்டபம் கைதட்டுகிறது, மேடையில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கிறது. பொன்னாடையைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் இராஜரட்ணம் அதை அன்புராசாவுக்குப் போர்த்திவிடுகிறார். அன்புராசா அதைக் கழற்றாமலே சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார். அவருக்கு அது நன்றாகப் பொருந்தியிருந்தது. அதனால்தான் வெட்டினேன்.

இன்னொன்று: நாற்பத்தொன்று அச்சாகிறது. யூட்சன் வருகிறான். ஒலிவாங்கியில் வாசித்துக்கொண்டு போன இராஜரட்ணம் அந்த எண்ணில் நிற்கிறார், கண்ணாடியைத் துடைக்கிறார். எங்கள் சனம் இரக்கமுள்ளது. “அச்சுப்பிழைக்கு மன்னிக்கவேணும்” என்று சொல்லி அவரே ஒரு சைபரைச் சேர்த்து வாசிக்கிறார். மண்டபம் எழும்பி நிற்கிறது. உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பாத அளவுக்கு அன்புராசா ஆறு வருடம் உழைத்து வைத்திருக்கிறார். இப்படித்தான் நடக்கும் என்று எனக்குப் பயம்.

ஆகவே படிவத்தை அழித்துவிட்டேன். ஒரு பக்கம் கேட்ட மனிசனுக்கு இதை முழுவதுமாக அனுப்புகிறேன். நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பதுதான் அது. எண்கள் எல்லாம் மூன்றாம் பகுதியில் கிடக்கின்றன. இத்தனை பக்கத்தையும் அச்சுப்பிழை என்று சொல்லிவிட முடியாது. நேற்றுவரை அவற்றைப் பார்த்துச் சிரித்தவன் நான். நீங்களும் சிரித்திருப்பீர்கள், பரவாயில்லை.

இதை எழுதுகிறபோது சனிக்கிழமை வரவில்லை. மேடையில் அந்தக் கதிரையில் யூட்சன் இருக்கிறானா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது. மண்டபத்தில் இருந்து வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். தலையை நிமிர்த்திப் பாருங்கள். முடிவு அங்கேதான் இருக்கிறது, என்னிடம் இல்லை.

5

(பெஞ்சை விட்டு எழும்பு. நாற்பது விநாடி இருக்கிறது.)

சங்க விதிப்படி, எழுதியவரின் முழுப்பெயர்: சவிரிமுத்து அன்புராசா.