தாளத்தில் ஒட்டிய வெட்டு

அந்த மூன்று ‘ந’வை எடுத்துவிட்டால் அக்கா நம்மைப் போலவே பேசுவாள். யாருக்கும் தெரியப் போவதில்லை.

இப்படி நினைத்துக்கொண்டுதான் தங்கை கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அண்ணனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபத்துத் திரையில் ஓடப்போகும் வீடியோ. குடும்பத்திலேயே எடிட்டர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று அண்ணி வேலையை அவள் தலையில் கட்டியிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப். முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அண்ணி.

பாட்டின் ஒவ்வொரு டிரம் அடிக்கும் திரையடியில் ஓடும் டைம்லைன் பட்டையில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருந்தாள். சித்தப்பா கையசைப்பது ஓர் அடியில் முடியும். பிள்ளைகள் குதிப்பது அடுத்த அடியில் தொடங்கும். கிளிப்புகள் தாமாகவே புள்ளிகளில் போய் ஒட்டிக்கொள்ள அந்த மென்பொருளில் ‘காந்தம்’ என்று ஒரு வசதி உண்டு. அக்காவின் கிளிப்புக்கு வந்தபோது அதை அணைக்க மறந்துவிட்டாள். ‘ந’க்களைத் தாண்டி விழ வேண்டிய வெட்டு துள்ளிப்போய் அவற்றுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. கவனிக்காமல் ஓடவிட்டாள்.

“ந... ந... ந... நல்லா இருங்கண்ணா.”

மூன்றும் மூன்று அடிகளில் விழுந்தன.

அண்ணி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னான்.

“தந்திக்கே மியூசிக் போட்டுட்டியே, டைரக்டரம்மா!” என்று அண்ணி பாராட்டினாள்.

தந்தி அடிப்பதுபோல் திக்கித் திக்கிப் பேசுவதால் அந்த வீட்டில் அக்காவுக்குப் பெயர் தந்தி. வைத்தவன் அண்ணன்.

அந்த ‘ந’வைத் திரும்பத் திரும்ப ஒட்டி, ஒவ்வோர் அடிக்கும் முகத்தைக் கிட்டே இழுத்துக் காட்ட வேண்டும் என்றாள் அண்ணி. மண்டபமே குலுங்க வேண்டுமாம்.

பின்கட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த கிளிப் அது. அக்கா தலைவாரி, நல்ல உடை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வேறு யார் போனையும் முகத்துக்கு நேரே நீட்ட விடாதவள். திக்கினால் வெட்டிவிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் அவளை உறுத்தியது அது மட்டுமல்ல. வெட்டு அழகாக விழுந்திருந்தது. அண்ணி சிரிக்கத் தொடங்குவதற்கு முன்பே அவளுடைய விரல் மேஜையில் தாளம் போட்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. அந்த விரலை இப்போது மடக்கி வைத்திருந்தாள்.

மடித்த துணிகளோடு அக்கா வந்தாள். அண்ணி அவள் தோளைப் பிடித்துத் திரைக்கு முன்னால் நிறுத்தி ஓடவிடச் சொன்னாள். தங்கையின் கை நகரவில்லை. அண்ணியே எட்டி, பட்டனைத் தட்டினாள்.

அக்கா முழுவதும் பார்த்தாள். துணியின் மடிப்பு கலைந்துவிடாமல் மார்போடு பிடித்திருந்தாள். பிறகு சிரித்தாள்; விருந்தாளிகள் முன்னால் சிரிக்கிற சிரிப்பு.

“பாத்தியா, அவளே ஒண்ணும் நெனைக்கல. உனக்கென்ன நோவு?” என்று அண்ணி தங்கையைக் கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். அண்ணன் அதற்கு முன்பே நழுவியிருந்தான்.

அக்கா குனிந்தாள்.

“போடுடி. ஒரு நாள் நல்லா சிரிச்சுட்டாங்கன்னா, கொஞ்ச நாளைக்கு என்னை விட்டுடுவாங்க.”

ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. தங்கையிடம் அக்கா எப்போதும் குறைவாகத்தான் திக்குவாள். இவ்வளவு சுத்தமாக அக்கா பேசி அவள் கேட்டதே இல்லை. இதை அக்கா எத்தனை முறை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று தோன்றியதும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“மாட்டேன்க்கா.”

அக்காவின் முகம் இறுகியது.

“உனக்கென்ன. சாயங்காலம் உன் வீட்டுக்குப் போயிடுவ. நான் இங்கதான் இருக்கணும்.”

உண்மைதான். அவள் காந்தத்தை அணைத்தாள். மூன்று ‘ந’வும் அக்கா பேசியபடியே இருக்க, அவற்றுக்குக் கீழே இருந்த டிரம்மை மட்டும் எடுத்துவிட்டாள். அக்கா துணிகளைத் தூக்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனாள்.

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “என்ன, ஆச்சா?”

“இல்ல அண்ணி,” என்றாள். “அத நான் பண்ணல.”