அலுங்காத வண்டி

மஹ்ஜபீன் கொடைரோடு சுங்கச்சாவடியைத் தாண்டியபோது, பின்சீட்டிலிருந்து அம்மா ஜெய்தூன் பீவி, "இப்படியே மெதுவாப் போ தாயி," என்றாள்.

அம்மாவின் மடியில் தலைவைத்து, அவளைப் பெற்ற அத்தா சனாவுல்லா படுத்திருந்தார். இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று மதுரையில் டாக்டர் சொன்னதும், ஆம்புலன்ஸ் வேண்டாம், நம்ம வண்டியே போதும் என்று முனகியவர் அவர்தான்.

பழைய சொகுசுக் கார்களை வாங்கி விற்பது அவர் தொழில். முழுதும் மூடாத கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொள்ளும் இந்த ஜெர்மன் காரையும் விற்கத்தான் வாங்கினார். அதற்குள் டீசலுக்கு மவுசு போய், வந்தவர்களெல்லாம் கரன்ட் கார் கேட்டார்கள். விலை பாதியாகி, அந்தப் பாதியும் பாதியாகி, வண்டி வாசலிலேயே தங்கிவிட்டது. இரும்பு விலைக்காவது தள்ளுங்கள் என்று மஹ்ஜபீன் சண்டை போடுவாள். "செஞ்சவன் கை குறையலம்மா. வாங்குறவன் கண்ணுதான் மாறிப்போச்சு," என்பார்.

லாரிகள் இரைந்து கடந்தன. உள்ளே சத்தமில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் சிறுமலை வழுக்கிக்கொண்டே வந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவன் எங்கோ உட்கார்ந்து, அத்தா நோகாமல் வீடு சேரட்டும் என்றே இதை வரைந்திருப்பான் போலிருந்தது. அவள் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டாள்.

திண்டுக்கல் வீட்டு வாசலில் நாச்சிமுத்து காத்திருந்தார். பழனியில் லாட்ஜ் வைத்திருப்பவர். வண்டியை விலைபேச வந்திருந்தார்.

மஹ்ஜபீன் பின்கதவைத் திறந்தாள். அத்தாவின் கண்களை அம்மா மூடிவிட்டிருந்தாள்.

"எப்பம்மா?"

"கொடைரோட்டுலயே."

"சொல்லலையே."

"அலுங்காமப் போயிட்டிருந்துச்சு. கெடுக்க மனசு வரல."

பிறகு அம்மா நாச்சிமுத்துவைப் பார்த்தாள். "வண்டியிலதாங்க மவுத்தாயிட்டாரு. மறைச்சு விக்கிறது அவருக்கு ஆகாது."

"வெலையப் பத்தி இப்ப என்னுங்க," என்ற நாச்சிமுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் குனிந்து, அத்தாவின் தோளுக்கடியில் கைகொடுத்தார்.

எல்லோரும் உள்ளே போனார்கள். மஹ்ஜபீன் மட்டும் நின்று வண்டிக் கதவை லேசாகத் தள்ளினாள். அது முழுதும் மூடாமல் விரலிடை விட்டு நின்றது. மறுபடி தொடுவதற்குள், வண்டியே அதை மெல்ல உள்ளே இழுத்துச் சாத்திக்கொண்டது.