கொக்கா, புல்டோசரா

...ஒரே ஹாக்கி சீசனில் இருபத்திரண்டு கோல் என்றால் சும்மாவா, ஆனால் அந்த இருபத்திரண்டில் ஒன்பது, பட்டியலில் கடைசியில் கிடந்த சோப்ளாங்கி அணிக்கு எதிராக அடித்தது, அதை யார்தான் அடிக்க மாட்டார்கள், இவரே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அடிப்பார்... துறைமுக அணியின் நெட்டைக் கொக்கு அப்படி என்றால், எதிரி மில் அணியில் புல்டோசர் என்று பட்டப்பெயர் வாங்கியவன், பதினேழுதான், பதினேழும் பெனால்டி கார்னரில், கோல் கீப்பர் அசைவதற்குள் பந்து உள்ளே, ஆனால் சண்டைக்காரப் பயல், ஆட்டத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை, அட்டைக்கு ஒரு புள்ளி போச்சு, அப்போ கூட்டிக் கழித்தால்... "டாக்டர், லென்ஸை மாத்திட்டீங்களா?" என்றார் நாற்காலியில் இருந்த பஸ் டிரைவர். இவர் டாக்டர் இல்லை, கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர், முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டார். "மாத்திட்டேன் சார், முன்ன பார்த்தது தெளிவா, இதுவா?" டிரைவர் எதிர்ச் சுவரின் எழுத்துகளை முறைத்துப் பார்த்து, "இதுதான், சந்தேகமே இல்ல" என்றார். அப்புறம்தான் இவர் கவனித்தார், லென்ஸை மாற்றவே இல்லை, அதே லென்ஸ், கையை மட்டும் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார்... அட ராமா, புத்தி எங்கே மேயப் போயிருக்கிறது.

எங்கே போகும், பதினொரு மணிக்குத்தான் போகும். மச்சான் நடத்துகிற கற்பனை ஹாக்கிப் போட்டி, சொந்தக்காரர்கள் எட்டுப் பேர், போனிலேயே முறை வைத்து நிஜ வீரர்களை எடுத்து ஆளுக்கொரு அணி சேர்க்க வேண்டும், ஒருத்தர் எடுத்த ஆள் இன்னொருத்தருக்குக் கிடையாது, அப்புறம் சீசன் முழுக்க அவன் அடிக்கிற கோலுக்கெல்லாம் நமக்குப் புள்ளி. போன வருஷம் கடைசியில் வந்தவருக்கு இந்த வருஷம் முதல் வாய்ப்பு, கடைசியில் வந்தவர் சாட்சாத் இவரேதான். அடுத்த வாய்ப்பு ஏழாவதாக வந்த மகளுக்கு. காலையில் செய்தி வந்தது, குழுவில் இல்லை, தனியாக, "அப்பா, கொக்கை எடுத்துடாதீங்க, எனக்கு வேணும்." அப்பா என்று எழுதியிருக்கிறாள்... ரெண்டு வருஷம் ஆச்சு அந்த வார்த்தை வந்து. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றவளிடம், நீ உருப்பட மாட்டே என்று சொன்ன அன்றோடு போனது, வாய் தவறி என்று சொல்லிக்கொள்கிறார், வாய் தவறவில்லை, நன்றாக யோசித்து நிறுத்தி நிதானமாகச் சொன்னது. வேறு ஊரில் வேலை, அம்மாவுக்குத்தான் போன், இவர் கைக்குப் போன் வந்தால் "சரி, வைக்கிறேன்." கோல், கார்னர், அட்டை, இதைப் பற்றி மட்டும் குழுவில் ரெண்டு வார்த்தை, அந்த ஒரு இழையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது எல்லாம்.

விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதானே, ஒரு ஆட்டக்காரன், அதுவும் கற்பனை அணிக்கு... ஆனால் ஒன்பது வயதில் செஸ்ஸில் வேண்டுமென்றே ராணியைக் கொடுத்தபோது கண்டுபிடித்துப் பலகையைக் கவிழ்த்தாளே, நான் என்ன பாப்பாவா என்று, அப்புறம் எதிரில் உட்காரவே இல்லையே. இப்போது கொடுத்தால், ஐயோ பாவம் என்று கொடுக்கிறார் என்று நினைப்பாளா? கொடுக்காவிட்டால், வாய்விட்டுக் கேட்டும் தரவில்லை என்பாளா? இல்லை, இதெல்லாம் நாடகமா, அவள் கண் புல்டோசர் மேல் இருந்து, இவரைக் கொக்கு பக்கம் தள்ளிவிடுகிறாளா, செய்யக்கூடியவள்தான், யார் பெற்ற பெண்... காலையில் மனைவியிடம் கேட்டுப் பார்த்தார், "உங்க ரெண்டு பேர் சண்டையில என்னை இழுக்காதீங்க, எனக்கு ஹாக்கின்னா எத்தனை பேர் ஆடுவாங்கன்னுகூடத் தெரியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

பதினொன்று. போன் அதிர்ந்தது, ஆளை எடுக்க ரெண்டு நிமிஷம், நொடி நொடியாகக் குறைகிறது. "ஒரு நிமிஷம் சார், கண்ணை மூடிக்கோங்க." டிரைவர் சமத்தாக மூடிக்கொண்டார். கொக்கு, முழங்காலும் தேறிவிட்டதாம்... புல்டோசர், அட்டை... சமமாக நடத்தினால்தான் மரியாதை, ஆமாம், வளர்ந்த பெண், எதிரில் நின்று ஆடட்டும், அதுதான் அவளுக்கும் பிடிக்கும், இல்லையா, பிடிக்கும்தானே... நாற்பது நொடி, முப்பது, போன வருஷம் கடைசியில் வந்ததற்கு மச்சான் அடித்த நக்கல் வேறு காதில் ஒலிக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சம்பந்தமே இல்லை... பன்னிரண்டு. விரல் கொக்கு மேல் அழுந்தியது.

ரெண்டே நொடி. புல்டோசரை அவள் எடுத்துவிட்டாள். அவளுக்கும் ரெண்டு நிமிஷம் உண்டே, ஒரு மூச்சுக்கூட விடவில்லையே... நாடகம்தானா அப்போ? இல்லை, கொக்கு போனால் புல்டோசர் என்று முன்னமே விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாளா? செய்தி எழுதத் தொடங்கினார், உனக்கு இவன்தானே வேணும்னு... அழித்தார். சாரி... அதையும் அழித்தார். "கண்ணைத் திறக்கலாமா டாக்டர்?" என்கிறார் டிரைவர், இன்னும் ஒரே நிமிஷம் சார் என்று மறுபடியும் போனைப் பார்க்கிறார் இவர். ஏமாற்றக் கேட்டாளோ, ஆசையாகத்தான் கேட்டாளோ, அது இருக்கட்டும், ரெண்டில் எதுவானாலும், கேட்டால் அப்பா தர மாட்டார் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இருந்திருக்காது... இவருக்கு இருந்ததே, பதினொரு மணி வரைக்கும்.